உத்திராபதி கொண்டுவந்த பச்சைக் கல்

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டில் வெகு காலம் பரோட்டா போட்டவர் உத்திராபதி. அவர் மாவை வீசினால் அது காற்றிலேயே விரிந்து கல்லில் வந்து உட்காரும். சென்னை பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பஸ்ஸைக் கோட்டை விட்டுவிட்டு அதை வேடிக்கை பார்த்ததுண்டு. வாய் மட்டும் கொஞ்சம் நீளம். சால்னாவில் உப்புக் குறைந்தால்கூட அதற்கு ஒரு நியாயம் வைத்திருப்பார். அந்தக் கையையும் அந்த வாயையும் நம்பிச் சிங்கப்பூர் போனார். அங்கிருந்து ஒரு ஏஜெண்டைப் பிடித்து ஆஸ்திரேலியாவுக்கும் போய்விட்டார்.

ஊர் காரைக்குப் பக்கம். ஊரை ஒட்டி ஒரு பெரிய பொட்டல். மழை அறுத்து அறுத்து மேடும் ஓடையுமாகக் கிடக்கும் வெளிறிய மண். புல் பூண்டு அதிகம் முளைக்காது. ஆனால் குனிந்து பார்த்தால் கிளிஞ்சல், நத்தை, சுருள் சுருளாக என்னென்னவோ, எல்லாம் கல்லாகிக் கிடக்கும். பத்துக் கோடி வருஷத்துக்கு முன்னால் அங்கே கடல் இருந்ததாகப் படித்தவர்கள் வந்து சொன்னார்கள். கற்களை எடுக்கக் கூடாது என்று ஒரு பலகையும் நட்டுவிட்டுப் போனார்கள். ஊர்க்காரர்கள் அந்தப் பலகை நிழலில் உட்கார்ந்துதான் பொறுக்கிய கல்லைத் துடைத்துப் பார்ப்பார்கள். ஆடு ஓட்டிப் போன யாரும் வெறுங்கையோடு திரும்பியதில்லை. உத்திராபதியும் அப்படி வளர்ந்தவர்தான். நல்ல கல்லைக் கண்டால் அவர் கை அவரைக் கேட்காமலே கீழே போகும்.

ஊர்ச் செல்லியம்மன் காலடியில் அந்தக் கடல் கற்கள் குவிந்து கிடக்கும். பிழைப்புக்கு வெளியே போகிறவர்கள் திரும்பும்போது போன இடத்துக் கல் ஒன்றைக் கொண்டுவந்து அந்தக் குவியலில் சேர்க்க வேண்டும். அந்த இடத்து மண்ணும் அம்மனுக்குப் பழக்கமாகிவிட்டால் அங்கேயும் வந்து காப்பாள் என்று நம்பிக்கை. குவைத் கல் இருக்கிறது, மலேசியாக் கல் இருக்கிறது, பட்டாளத்துக்காரர் ஒருவர் கொண்டுவந்த காஷ்மீர்க் கல் இருக்கிறது. திருப்பூருக்குப் போன ஒருத்தர் சோம்பேறித்தனப்பட்டு ரயில்வே ஜல்லியைப் போட்டுவிட்டார், அதுவும் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் பூசாரி பாவாடை அந்தக் கற்களின் மேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார். வழிகிற தண்ணீரைப் பித்தளைச் செம்பில் பிடித்து மாசமாக இருக்கும் பெண்களுக்குக் கொடுப்பார்கள். கல்லுத் தண்ணி என்று பேர். அதைக் குடித்தால் பிள்ளை உறுதியாகப் பிறக்கும்.

ஆஸ்திரேலியாவில் உத்திராபதிக்குக் கிடைத்தது கேம்ப் சமையல். பாலைவனத்தில் ரோடு சரிசெய்கிறவர்கள், வேலி போடுகிறவர்கள் தங்கும் இடங்களுக்குப் போய்ச் சில வாரம் சமைத்துப் போட்டுவிட்டு வர வேண்டும். அப்படி ஒரு முறை போய்ச் சேர்ந்த இடம் மரலிங்கா. சிவப்பு மண், முட்டி உயரப் புதர், அதற்குமேல் வானம். வேறொன்றும் கிடையாது. காரைப் பொட்டலைப் பார்த்து வளர்ந்தவருக்கே அந்த அகலம் மூச்சை அடைத்தது.

அந்த கேம்ப்புக்குத் தண்ணீர் லாரி ஓட்டி வந்தவர் டோரீன். அந்த மண்ணின் பழங்குடிப் பெண், உத்திராபதியைவிடச் சில வயது பெரியவர். முதல் நாள் பரோட்டா தின்றவர் மறுநாள் கேட்காமலே சமையல் கூடாரத்துக்குள் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உத்திராபதி அவரை அக்கா என்று கூப்பிட, மற்றவர்கள் அது அவருடைய பேர் என்று நினைத்து எல்லாரும் அக்கா என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். உத்திராபதியின் இங்கிலீஷ் ஓட்டை, அக்காவின் இங்கிலீஷ் அவர்கள் ஊர் இங்கிலீஷ். இருந்தும் இரண்டு பேரும் ஓயாமல் பேசினார்கள். வாய் நீளம் ஒரு பாஷைக்கு மட்டும் உரியதல்ல.

அந்த நிலத்தின் கதையை அக்கா பாதிதான் சொன்னார். அவர் பிறப்பதற்கு முன்பு, இங்கிலாந்துக்காரர்கள் குண்டு தயார் செய்தார்கள். வெடித்துப் பார்க்க ஆளில்லாத இடம் தேடினார்கள். ஆஸ்திரேலிய அரசாங்கம் இந்த நிலத்தைக் காட்டியது. ஆளில்லாத இடமாம்! ஆயிரமாயிரம் வருஷமாக எந்தப் பாறையில் தண்ணீர் நிற்கும், எந்தச் செடியில் கிழங்கு இருக்கும் என்று தெரிந்து நடந்த ஜனங்கள் ஆள் கணக்கில் வரவில்லை. காரையைக்கூடத்தான் வெளியூர்க்காரர்கள் ஒன்றுமில்லாத பொட்டல் என்கிறார்கள். சிவப்பு மண் ஜனங்களை லாரியிலும் ரயிலிலும் ஏற்றித் தெற்கே கடலோரத்துச் சுண்ணாம்பு மண்ணில் கொண்டுபோய் இறக்கினார்கள். அப்புறம் அணுகுண்டு வெடித்தார்கள். ஒன்றல்ல, பல. வருஷக்கணக்காக.

"சுண்ணாம்பு மண்ணா? அப்ப எங்க அரியலூர் மாதிரிதான்" என்றார் உத்திராபதி, ஆறுதலாக ஏதோ சொல்ல வேண்டுமே என்று.

"உன் ஊர் உனக்கு நல்லா இருக்கும்" என்றார் அக்கா. ஸ்டூலைத் தள்ளி வைத்துவிட்டு லாரிக்குக் கிளம்பிப் போனார்.

ஒரு லீவு நாளில் அக்கா கேம்ப் ஆட்கள் சிலரைக் குண்டு வெடித்த இடத்துக்குக் கூட்டிப் போனார். எல்லைக்கு வந்ததும் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, தன் பாஷையில் உரக்க எதையோ சொன்னார். யாரும் இல்லாத வெளியைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வதுபோல. மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உத்திராபதிக்கு மட்டும் உடம்பு புல்லரித்தது. ஐயனார் காட்டுக்குள் நுழையும்போது அவர் ஊரிலும் இதையேதான் செய்வார்கள், இன்னார் வந்திருக்கிறோம், தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்று. இத்தனை கடல் தாண்டி வந்தும் அதே மரியாதை இருக்கிறதே என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இறங்கிப் பாருங்க. எதையும் எடுக்காதீங்க" என்றார் அக்கா. அவர் வண்டியைவிட்டு இறங்கவில்லை.

உத்திராபதி நடந்தார். நடுவில் ஒரு சிமெண்டுத் தூண், அதில் குண்டு வெடித்த நாள். சுற்றிலும் வட்டமாக மரம் கிடையாது. காற்று அடித்தது, ஆனால் அசைவதற்கு எதுவும் இல்லாததால் சத்தமே எழவில்லை. கால் பக்கத்தில் ஏதோ மினுக்கியது. குனிந்தார். பச்சை. பாட்டில் உடைசல் என்றுதான் முதலில் நினைத்தார். இல்லை, உள்ளே சின்னச் சின்னக் கொப்புளம், அடிப்பக்கம் ஒட்டிய மண். மண்தான் அது. கால் வைத்து நிற்கிற அதே சிவப்பு மண், ஒரு கண் சிமிட்டும் நேரத்தில் கொதித்துக் கண்ணாடியாகி அப்படியே உறைந்துபோயிருந்தது.

நெருப்போடு வாழ்ந்த மனுஷன் அவர். பரோட்டாக் கல் எந்தச் சூட்டில் எண்ணெயை வாங்கும், எந்தச் சூட்டில் கரிக்கும் என்று உள்ளங்கையைக் காட்டியே சொல்வார். மண்ணைக் கொதிக்க வைக்க என்ன நெருப்பு வேண்டும்? யோசிக்கப் போனவருக்கு யோசனை பாதியில் நின்றுவிட்டது. சூரியனை ஒரு நொடி இங்கே தரையில் இறக்கி வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. கும்பிடுவதா ஓடுவதா என்று தெரியாமல் நின்றார். உண்மையில் கையைக் கூப்பவும் செய்தார்.

அப்புறம் கை கீழே போனது. பலகையைப் பார்த்துப் பயந்து பழக்கமில்லாத கை. அம்மன் இதைப் பார்க்க வேண்டும் என்று மனசு சொன்னது. வெடித்து எழுபது வருஷம் ஆகிறது, இனி என்ன இருக்கும்? கேஸை அணைத்தால் பரோட்டாக் கல்லே கொஞ்ச நேரத்தில் ஆறிவிடுகிறது. எந்த நெருப்பும் அணைந்தால் ஆறத்தான் வேண்டும். அதுதான் அவர் கணக்கு. சமையல்காரன் கணக்கு. கல்லைக் கைக்குட்டையில் சுருட்டி ஜேப்பில் போட்டுக்கொண்டார். பிறகு அது ஒரு காலுறைக்குள் போய், பெட்டிக்குள் போய், இரண்டு ஏர்ப்போர்ட்டைத் தாண்டி, காரைக்கு வந்து சேர்ந்தது.

அவர் ஊருக்கு வந்ததே மகள் பிரவீணாவின் வளைகாப்புக்காகத்தான். எறையூரில் கட்டிக்கொடுத்திருந்தார். மருமகன் வேல்முருகனுக்குக் கரும்பு லாரி. முதல் பிள்ளை என்று வளைகாப்பு முடிந்த கையோடு மகளைத் தாய்வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள்.

பச்சைக் கல் செல்லியம்மன் காலடிக்கு வந்ததும் ஊரே வந்து பார்த்தது. நனைந்தால் அது இன்னும் பச்சையாகும். காலை வெயில் பட்டால் உள்ளே விளக்கு வைத்ததுபோல இருக்கும். உத்திராபதி ஒவ்வொருவருக்கும் அந்த நெருப்பின் கதையைச் சொன்னார். சொல்லச் சொல்லக் கதையில் நெருப்பும் வளர்ந்தது. பூசாரி பாவாடை மயங்கிப்போய், மற்றக் கற்களை ஒதுக்கிவிட்டு அதை நடுவில் வைத்தார். வெள்ளிக்கிழமை தண்ணீர் முதலில் அதன் தலையில்தான் விழுந்தது.

மூன்றாவது வெள்ளியன்று உத்திராபதி அதைப் போனில் படம் பிடித்தார். பாவாடை குடம் சாய்ப்பது, கல் பளபளப்பது, பிரவீணா வளையல் குலுங்கச் செம்பை வாங்கி அண்ணாந்து குடிப்பது, குடித்துவிட்டு அப்பாவைப் பார்த்துச் சிரிப்பது. ஒரு வீடியோவாக அக்காவுக்கு அனுப்பினார். உங்கள் மண்ணை எங்கள் அம்மன் காலடியில் வைத்திருக்கிறோம் என்று பெருமையோடுதான் அனுப்பினார். அதில் கள்ளம் இல்லை.

அவர் வீடு வந்து சேருவதற்குள் போன் அடித்தது. அக்காவின் முகம் திரையை நிறைத்து நின்றது. வழக்கமான சிரிப்பு இல்லை.

"உத்ரா, அந்தப் பொண்ணு யாரு?"

"என் மவதான். சொன்னேனே, மாசமா இருக்கான்னு."

"அந்தத் தண்ணிய எத்தனை தடவை குடிச்சா?"

திட்டியிருந்தால் உத்திராபதி தாங்கியிருப்பார். அக்கா திட்டவில்லை. கேம்பில் சொல்லாமல் விட்ட மீதிக் கதையைச் சொன்னார்.

மரலிங்காவில் வெடிப்பதற்கும் முன்னால், அதற்கு வடக்கே இன்னொரு இடத்தில் வெடித்தார்கள். அக்காவின் அம்மாவுக்கு அப்போது பத்து வயசு இருக்கும். அங்கிருந்தும் வெகு தூரத்தில், மரங்களுக்கு நடுவே தங்கியிருந்தார்கள். விடிகாலையில் தூரத்தில் இடி இடித்தது. வானத்தில் மழைக்கான அடையாளமே இல்லை. பிறகு மரங்களுக்கு ஊடாகக் கறுப்பாக ஒரு பனி வந்தது. தரையை ஒட்டி, சத்தமில்லாமல், எண்ணெய்ப் பிசுக்கோடு. பெரியவர்கள் அதைக் கெட்ட ஆவி என்று நினைத்து, கையில் இருந்த மரக்கட்டைகளை உயர்த்தித் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். அது நிற்கவில்லை, எல்லார் மேலும் படிந்து போனது. வாந்தி எடுத்தார்கள். தோல் உரிந்தது. அம்மாவின் தம்பி, தவழ்கிற பிள்ளை, போய்விட்டான். அம்மாவுக்குக் கண் எரிந்தது. எரிந்து எரிந்து ஒன்று போனது, சில வருஷம் கழித்து மற்றதும் போனது.

"யாருமே வந்து பாக்கலயா அக்கா?"

"வந்தாங்க. முப்பது வருஷம் கழிச்சு. மேஜை போட்டுக் கேட்டாங்க. பனி வந்தது நிஜம்னு ஒத்துக்கிட்டாங்க. நோய் அதனாலதானான்னு சொல்ல முடியாதுன்னுட்டாங்க." அக்கா போனை முகத்துக்கு இன்னும் அருகே கொண்டுவந்தார். "அது இன்னும் ஆறல, உத்ரா. அதனாலதான் நான் வண்டிய விட்டு எறங்கல. அந்தப் பொண்ணு கையில அது படக் கூடாது. போ."

உத்திராபதி ஓடினார். வீட்டுக்குள் நுழைந்து சமையல்கட்டுச் சுவரில் மாட்டியிருந்த பரோட்டா கரண்டியையும் மூடி போட்ட ஒரு எவர்சில்வர் தூக்கையும் எடுத்துக்கொண்டு ஓடினார். கோயிலில் பெண்கள் பொங்கல் வாங்கிக்கொண்டிருந்தார்கள். வேர்த்து விறுவிறுத்து வந்த மனுஷன், அம்மன் காலடியில் மண்டியிட்டு, கொதிக்கிற எண்ணெயிலிருந்து எடுப்பதுபோலக் கரண்டியால் அந்தக் கல்லை அள்ளித் தூக்கில் போட்டு மூடினார். ஆறின கல் என்று நம்பிக் காலுறையில் கொண்டுவந்தவர்.

"என்னய்யா பண்றே?" என்று பாவாடை கத்தினார்.

உத்திராபதி எல்லாரையும் வைத்துக்கொண்டே உள்ளதைச் சொன்னார். பொய் சொல்லியிருக்கலாம், அக்காவே திருப்பிக் கேட்கிறார் என்று சமாளித்திருக்கலாம். அவருக்கு வாய் இருந்தது. ஆனால் வேறு இரண்டு பெண்களும் அந்தத் தண்ணீரைக் குடித்திருந்தார்கள். அவர்களும் அங்கேயே நின்றார்கள்.

"அம்மன் காலடியில குண்டையா கொண்டாந்து வெச்சே?" பாவாடையின் குரல் உடைந்தது. "நான் வேற நடுவுல வெச்சி ஊத்தினேனேய்யா!"

மனைவி பாப்பாத்தி முன்னால் வந்தார். அவர் சத்தம் போட்டால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். அன்றைக்குச் சத்தம் போடவில்லை.

"அது என்ன எடம்னு தெரிஞ்சுதான் எடுத்தீங்களா?"

"குண்டு வெடிச்ச எடம்னு தெரியும் பாப்பாத்தி. இன்னும் சூடு இருக்கும்னு தெரியல."

"எடுக்காதன்னு சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

பாப்பாத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்ற பிரவீணாதான் அடுத்துக் கேட்டாள். ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது.

"அப்பா, பாப்பாவுக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?"

எதற்கும் ஒரு நியாயம் வைத்திருக்கும் உத்திராபதி தூக்கின் மூடியை இன்னொரு முறை அழுத்திப் பார்த்தார்.

திருச்சியில் புற்றுநோய் பார்க்கும் ஒரு ஆஸ்பத்திரியில் கதிரியக்கத்தை அளக்கும் கருவி இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். உத்திராபதி பஸ் ஏறவில்லை. பஸ்ஸில் எத்தனை பெண்கள், எத்தனை குழந்தைகள் வருவார்கள் என்று யோசித்தார். மருமகனின் பைக்கை வாங்கி, தூக்கைப் பின்னால் கேரியரில் வைத்துக் கட்டி, செம்பில் மீந்த தண்ணீரையும் ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டு, ஹைவேஸில் தனியாகப் போனார். முதுகுப் பக்கம் எதுவோ உட்கார்ந்து வருவதாகவே வழி நெடுகத் தோன்றியது. பாடாலூர் தாண்டும்போது அதனிடம் பேசவும் ஆரம்பித்துவிட்டார். தப்பு என்னுடையது, பிள்ளையை விட்டுவிடு என்று.

ஆஸ்பத்திரியில் அனிதா என்று ஒரு பெண். கதிர் இயந்திரங்களைச் சரிபார்க்கிற பெண். கதையைக் கேட்டுவிட்டு அவர் சிரிக்கவும் இல்லை, அதட்டவும் இல்லை. கையடக்கமான ஒரு மீட்டரை எடுத்து ஆன் செய்தார். அது நிதானமாக, யோசித்து யோசித்து, டிக், டிக் என்றது.

"எல்லா எடத்துலயும் இவ்ளோ இருக்குங்க சார். மண்ணுல, சுவத்துல, நம்ம உடம்புலகூட. இப்பப் பாருங்க."

தூக்கைத் திறந்து மீட்டரை அதன் அருகே கொண்டுபோனார். மீட்டர் படபடவென்று பொரிந்தது. சூடான கல்லில் தண்ணீர் தெளித்ததுபோல. உத்திராபதிக்கு அந்தச் சத்தம் தெரியும். வாழ்க்கை முழுக்கக் கேட்ட சத்தம். கல் சூடாக இருக்கிறதா என்று பார்க்க அவர் தெளிக்கிற தண்ணீர் அப்படித்தான் பேசும். இந்தக் கல் கைக்குச் சில்லென்று இருந்தது. ஆனால் அடுப்பு அணையவே இல்லை. அவர் பிறப்பதற்கு முன்னால், எங்கேயோ உலகத்தின் மறுகோடியில் பற்ற வைத்த நெருப்பு, அவருடைய ஊர்ப் பொங்கல் தூக்குக்குள் உட்கார்ந்து இன்னும் பேசிக்கொண்டிருந்தது.

"இது எப்பம்மா நிக்கும்?"

"கொறஞ்சுகிட்டே வருதுங்க. ஆனா அந்த மண்ணுல கலந்திருக்கற சிலது பாதியாக் கொறையவே இருபத்தி நாலாயிரம் வருஷம் ஆகும்."

உத்திராபதி காரைப் பொட்டலை நினைத்தார். கடல் பத்துக் கோடி வருஷத்துக்கு முன்னால் போய்விட்டது. விட்டுப்போன கல் சாதுவாகக் கிடக்கிறது, ஆடு மிதிக்கிறது, பிள்ளைகள் விளையாடுகிறார்கள். மனுஷன் ஒரு நொடியில் செய்த கல்லோ தன் பக்கத்தில் யாரையும் அண்டவிடாமல் உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் தன் கையாலேயே ஒரே குவியலில் வைத்திருக்கிறார்.

தண்ணீர் பாட்டிலைச் சோதித்தபோது மீட்டர் பழைய நிதானத்துக்கே வந்துவிட்டது.

"தண்ணியில எதுவும் தெரியல சார். இது கண்ணாடி, லேசுல கரையாது. தூள் உதிர்ந்து உள்ள போனாத்தான் கஷ்டம். நான் பயப்பட வேணாம்னுதான் சொல்வேன். ஆனா இந்த மீட்டருக்குத் தெரியாததும் உண்டு. தண்ணிய வேற எடத்துக்கு அனுப்பிப் பாக்கறேன். ஒண்ணுமே ஆகாதுன்னு சத்தியம் பண்ணச் சொன்னா, பண்ண மாட்டேங்க."

அவர் நேர்மையாகப் பேசினார். உத்திராபதிக்கு அந்த நேர்மை பயத்தைத்தான் தந்தது. கல்லை ஈயப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். அதை அக்காவின் மண்ணுக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்று உத்திராபதி கேட்டார். அதற்கு இரண்டு அரசாங்கமும் அனுமதி தர வேண்டுமாம். வருவதற்கு ஒரு காலுறை போதுமாக இருந்தது.

அன்று சாயங்காலமே அக்காவுக்குப் போன் செய்து எல்லாம் சொன்னார்.

"மீட்டர் வெச்சிப் பாத்தாங்களா?"

"பாத்தாங்க அக்கா. போன உடனே பாத்தாங்க."

"ஒரு கல்லுக்கு" என்றார் அக்கா. பிறகு, "நல்லது உத்ரா. நல்லது" என்றார்.

உத்திராபதிக்கு அந்த ஒரு கல்லுக்கு என்ற வார்த்தைதான் மனதில் தங்கியது. தான் ஒரு கல்லை எடுத்து வந்ததற்கே ஒரு படித்த பெண் எழுந்து வந்து அளந்து பார்த்தாள். அந்த ஜனங்களின் மேல் ஒரு மேகமே படிந்து போயிருக்கிறது. அக்காவின் அம்மா தம்பியைப் பறிகொடுத்துவிட்டு, கண் அவிந்து, வளர்ந்து, கல்யாணம் கட்டி, டோரீனையும் பெற்று எடுத்த பிறகுதான் ஒருவன் மேஜையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான். நினைக்க நினைக்க அவருக்குக் கோபம் வந்தது. அதைவிடப் பெரிதாக ஒரு மலைப்பு வந்தது. அதற்குப் பிறகும் அந்த அக்கா அவருடைய கூடாரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சிரித்திருக்கிறாரே. அந்த மண்ணை இன்னும் கூப்பிட்டுப் பேசுகிறாரே.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் அவருக்கு நகரவில்லை. தண்ணீரில் எதுவும் இல்லை என்று அனிதா போனில் சொன்ன நாளில்கூட அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மற்ற இரண்டு பெண்களின் வீட்டுக்கும் தானே போய்ச் சொன்னார். ஒரு வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள். இன்னொரு வீட்டில் வாசலோடு நிறுத்திவிட்டார்கள். பாப்பாத்தி சோறு போட்டார், பேச்சு மட்டும் அளவாக வந்தது. செல்லியம்மன் கோயிலில் பாவாடை கற்களையெல்லாம் கழுவி வெயிலில் காயவைத்தார். கல்லுத் தண்ணி கொடுப்பதை நிறுத்திவிட்டார். ஒரு நாள் பொட்டலில் நடந்தபோது உத்திராபதியின் காலடியில் ஒரு முழு நத்தைக் கல் கிடந்தது, சுருள் தேயாமல். கை பாதி தூரம் போய் நின்றது. பலகையைத் திரும்பிப் பார்த்துவிட்டு நடையைக் கட்டினார்.

பெரம்பலூர் அரசு ஆஸ்பத்திரியில் பிரவீணாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, நல்ல அழுகை. நர்ஸ் கொண்டுவந்து காட்டியபோது உத்திராபதி கையை நீட்டாமல் பின்னால் போய் நின்றார். பாப்பாத்திதான் குழந்தையை வாங்கி, அவர் கையில் வைத்து, "புடிங்க, ஒண்ணும் ஆவாது" என்றார். அன்றைக்குத்தான் பாப்பாத்தி பழையபடி பேசினார்.

போனில் அக்கா குழந்தையைப் பார்த்தார். கை, கால், விரல், எல்லாவற்றையும் விரித்துக் காட்டச் சொன்னார்.

"கண்ணு?"

"தூங்குறா அக்கா."

"வெளிச்சத்தத் தொடர்ந்து பாக்க ஆரம்பிப்பா. அப்பக் கூப்பிடு" என்றார் அக்கா.

அதிலிருந்து உத்திராபதிக்கு வேறு வேலையில்லை. குழந்தைக்கு முன்னால் போனை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டே இருப்பார். "குழந்தைக்கு மாறுகண் வந்துடப் போவுது, எடுங்க அந்தாண்ட" என்று பாப்பாத்தி விரட்டுவார். பிரவீணா சிரிப்பாள். சிரித்துவிட்டு அவளும் ஓரக்கண்ணால் குழந்தையைக் கவனிப்பாள். அந்தப் பயம் வீட்டில் யாருக்கும் முழுசாகப் போகவில்லை.

ஒரு காலை வேளையில், குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டிக் கிடத்தியிருந்த நேரம், குழந்தை அவர் கையில் இருந்த போனையே பார்த்தது. அவர் வலப்பக்கம் நகர்த்தினார். கண் வலப்பக்கம் போனது. இடப்பக்கம் நகர்த்தினார். இடப்பக்கம் வந்தது. உடனே அக்காவைக் கூப்பிட்டார்.

அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். குழந்தையின் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு போனைத் திருப்பினார். அங்கே நாற்காலியில் ஒரு பெரியவள் உட்கார்ந்திருந்தாள். தலையெல்லாம் வெள்ளை. கண் இருந்த இடத்தில் மூடிய இமை இரண்டு. அக்காவின் அம்மா.

குழந்தை ஒரு சத்தம் கொடுத்தது. அந்த முகம் சத்தம் வந்த பக்கம் திரும்பியது. தன் பாஷையில் ஏதோ கேட்டாள்.

"என்ன கேக்குறாங்க அக்கா?" என்றார் உத்திராபதி.

"பிள்ளை எதைப் பாக்குதுன்னு கேக்குறா."

உத்திராபதி குழந்தையைப் பார்த்தார். அது கண் கொட்டாமல் திரையில் இருந்த அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா அம்மாவின் கையைப் பிடித்து, அவள் பாஷையில் பதில் சொன்னார். அந்த வார்த்தைகளை உத்திராபதிக்கு யாரும் தமிழில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

உன்னைத்தாம்மா பாக்குது.